நீங்க தூங்குங்க

அலுவலகத்தில் அவரை வாக்கியம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. இருபத்தாறு வருடமாக ஒரே விளம்பர நிறுவனத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வாக்கியம் எழுதுகிற மனிதருக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்? சோப்பு, மின்விசிறி, பிஸ்கட், செருப்பு, வயிற்று மருந்து, சுவர்ப் பூச்சு என்று அவர் கை படாத சரக்கு இல்லை. அவர் எழுதியதை யாராவது எங்காவது தெரியாமலே சொல்லிக்கொண்டிருப்பார்கள். எழுதியது யார் என்று எவருக்கும் தெரியாது. கீழே கையெழுத்துப் போடாத எழுத்து அது.

சட்டைப் பையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குறிப்பேடு இருக்கும். கூடவே முனை மழுங்கிய பென்சில். பேனா என்றால் மூடி கழற்றும் சத்தத்திலேயே பேசுகிறவர் சுதாரித்துக்கொள்வார். பஸ்ஸில், முடிவெட்டும் கடையில், பல் மருத்துவரின் வாசல் பெஞ்சில் காதில் விழுவதை விழுந்தபடி எழுதிக்கொள்வார். யார் சொன்னது, எங்கே, எப்போது என்று மட்டும் எழுதமாட்டார். எழுதினால் அந்த ஆளின் முகம் குறுக்கே வந்து நின்றுகொள்ளும், வரி சரக்கோடு ஒட்டாது என்பது அவர் கண்டுபிடிப்பு. பெயரில்லாமல் ஒரு வருடம் கிடந்தால் எந்தப் பேச்சும் பொதுச்சொத்தாகிவிடும். இரண்டு வருடம் கிடந்தால் தன் சொத்தாகிவிடும். இந்த இரண்டாவதை அவர் கவனித்திருக்கவில்லை.

வெளியே பொறுக்கியதெல்லாம் சில்லறைதான். நல்ல விளைச்சல் வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி மருந்துக் கடையில் சீட்டு பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் நோவைக் கேட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, அவள் பேச்சில் வீண் சொல் இருக்காது. புது மின்விசிறி மாட்டிய மறுநாள், "ஓடுதா இல்லையான்னு நடுவுல எழுந்து பார்த்தேன்" என்றாள். அந்த வரியை வைத்து மின்விசிறிக் கம்பெனி பத்து வருடம் காற்று விற்றது. மகள் ஐந்து வயதில், இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்தால்தான் கையிலிருக்கிற பிஸ்கட்டைத் தின்பேன் என்றாள். அதுவும் பொட்டலத்தில் ஏறியது. மனைவிக்கு இதில் வருத்தம் இல்லை. நல்லதாக ஏதாவது வாயில் வந்துவிட்டால் அவளே சிரித்துக்கொண்டு, "இதை எழுதிக்காதீங்க" என்பாள். அவர் கை அதற்குள் பைக்குப் போயிருக்கும்.

இந்த விஷயம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மதிப்பு போயிருக்கும். அங்கே வரிகள் வேறு இடங்களிலிருந்து வந்துகொண்டிருந்தன.

படைப்புத் துறைத் தலைவரைக் கறுப்புச் சட்டை என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான். கோடை, குளிர் எதுவானாலும் கறுப்புதான் போடுவார். நிறங்கள் சிந்தனையைக் கலைக்கின்றன என்பது அவர் கட்சி. வரி மௌனத்திலிருந்துதான் பிறக்கும் என்று நம்புகிறவர். நம்புவதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். கூட்ட அறைச் சுவர் ஒன்றை உத்வேகச் சுவர் என்று ஒதுக்கி, அதில் ஒரு இறகு, ஒரு கூழாங்கல், ஒரு காய்ந்த இலை ஒட்டிவைத்திருந்தார். கூட்டுகிற அம்மாள் அந்த இலையைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டாள். புது இலை வந்தது. அடுத்த வாரம் அதையும் எடுத்துப் போட்டாள். மூன்றாவது இலையோடு எல்லா ஊழியர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த அலுவலகத்திலிருந்து அந்த வருடம் வெளியான தெளிவான எழுத்து அதுதான் என்று வாக்கியம் நினைத்துக்கொண்டார்.

கறுப்புச் சட்டையின் புது யோசனை, 'ஊற்று' என்ற பெயரில் குறும்படங்கள். ஒவ்வொரு எழுத்தாளரும் தன் வரி எங்கிருந்து வருகிறது என்று கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் கடல் என்றார். அவருக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். இன்னொருவர் விடியற்காலை நடை என்றார். அவர் ஒன்பதரைக்கு முன் எழுந்ததை அவர் தாயார்கூடப் பார்த்ததில்லை. படங்கள் வெளியாகிப் பாராட்டு குவிந்தது. அடுத்தது வாக்கியத்தின் முறை, அதுவும் பூட்டு வரிக்காக.

பூட்டு வரி அந்த வருடத்தின் அதிசயம். பூட்டுக் கம்பெனி முதலாளி வந்து உட்கார்ந்து, உலகத்தரம், மூன்றடுக்குப் பாதுகாப்பு, எஃகின் உறுதி என்று தன் விருப்பங்களைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு மாதம் எல்லாரும் எஃகைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒன்றும் அமையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கியம், செருப்புப் பெட்டிகளில் போட்டுவைத்திருக்கும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பக்கத்தில் நின்றார். திங்கட்கிழமை ஒரு வெள்ளைத் தாளில் தட்டச்சு செய்து முதலாளி முன்னால் வைத்தார்கள்.

'நீங்க தூங்குங்க. நாங்க இங்கதான் இருக்கோம்.'

முதலாளி அதை மூன்று தடவை படித்தார். எங்கள் அப்பா சொன்ன மாதிரி இருக்கிறது என்றார். கூட வந்த மேலாளர், 'நிம்மதியாக உறங்குங்கள்' என்று கௌரவமாக மாற்றலாமே என்று இழுத்தார். முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். இந்த வரி நீண்ட மௌனத்தின் பலன் என்று கறுப்புச் சட்டை ஒரு மணி நேரம் விளக்கினார்.

பிறகு அது பஸ்களின் பக்கவாட்டில் ஏறியது. நிழற்குடைகளில், கடைகளின் இரும்புக் கதவுகளில், எங்கே பார்த்தாலும் நீல எழுத்தில் நின்றது.

அது ஏறிய இரண்டாவது வாரத்தில்தான் வீட்டில் ஏதோ குறைந்துபோனது.

மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள் என்று சொல்ல முடியாது. நிறுத்தியிருந்தால் சண்டை என்று பெயர் வைத்து, சமாதானம் என்று முடித்திருக்கலாம். அவள் பேசினாள். "சாப்பாடு மேசையில இருக்கு. மூடியிருக்கு." "தண்ணி ஆறு மணிக்கு நின்னுடும்." "சட்டை தேய்ச்சாச்சு, ரெண்டு." மருந்து உறையின் மேல் அவள் கடையில் எழுதுவாளே, காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று, அந்த மாதிரிப் பேச்சு. ஒரு சொல்லை எடுத்து எங்கேயும் ஒட்டவைக்க முடியாது.

தொழில் புத்தி போகுமா? அந்த நிலையிலும் அவருக்கு அந்த வாக்கியங்கள் மேல் ஒரு பொறாமை வந்தது. எவ்வளவு சுத்தம். யாரும் இரண்டாவது தடவை கேட்கத் தேவையில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று அதில் இல்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி மூன்று நாள் தேடினார். நான்காம் நாள் காலை, "குடை கதவுக்குப் பின்னால" என்று அவள் சொன்னபோது பிடிபட்டது. என்னங்க இல்லை. இருபத்துமூன்று வருடமாக அவள் பேச்சு எல்லாமே அந்தச் சொல்லில்தான் தொடங்கும். இப்போது வாக்கியங்கள் தலையில்லாமல் வந்துகொண்டிருந்தன. குடை எதற்கு என்றும் தெரியவில்லை. மூன்று மாதமாக ஒரு பொட்டு மழை இல்லை. வெயிலுக்காக இருக்கும்.

மகளோடு பேசுகிறாள். மாடி வீட்டுக்காரியோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் குழாயை மூடின மாதிரி நின்றுவிடும். சமையலறையில் பாத்திரம் மட்டும் பேசும்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, மகள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவர் மேலே போனார். கல்லூரியில் கணக்குப் படிக்கிற பெண். சுற்றி வளைக்கத் தெரியாது.

"அப்பா, உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

"என்ன தெரியல?"

"பஸ்ல இருக்கிறது."

"பூட்டா? அது நல்லாத்தானே போகுது."

மகள் ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "அது அம்மா சித்திகிட்ட சொன்னதுப்பா. ஆஸ்பத்திரியில. கடைக்கு எதிர்ல நிழற்குடை இருக்குல்ல, கல்லாப் பக்கம் நின்னா நேரா அதுதான் தெரியும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அம்மா அதைப் பார்த்துக்கிட்டே மருந்து குடுக்கிறாங்க."

"இல்லம்மா. அது நான் எழுதினது."

பொய் சொல்லவில்லை அவர். அப்படித்தான் நம்பியிருந்தார்.

"நானும் அங்கதான்பா இருந்தேன்" என்றாள் மகள்.

கீழே வந்து செருப்புப் பெட்டிகளை இழுத்தார். அறுபதுக்கு மேல் குறிப்பேடுகள். அன்று வரியை மட்டும் பார்த்த கண், இன்று அது இருந்த பக்கத்தைப் பார்த்தது. பென்சில் எழுத்து, அவருடையதுதான்.

'ஸ்ட்ரா 4. ஈரத் துடைப்பான். போன் சார்ஜர். கட்டில் 17, டாக்டர் 11 மணிக்கு. நீ தூங்கு நான் இங்கதான் இருக்கேன். போர்வை மெல்லிசு.'

வாங்கி வரச் சொன்ன சாமான்களுக்கு நடுவில் அதுவும் ஒரு சாமானாக உட்கார்ந்திருந்தது.

மனைவிக்கு ஒரே தங்கை. நாற்பத்தோரு வயது. கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் பள்ளிக்கூடத்தில் அலுவலகக் கணினி பார்த்துக்கொண்டிருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தாள். கடைசியில் கண்ணை மூடவே பயந்தாள். மூடினால் திறக்காது என்று எப்படியோ அவளுக்குள் பதிந்துவிட்டது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதோடு சேர்ந்து அதைச் சொன்னாள். சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் வாக்கியம் இருந்தார். தங்கை கண்ணை மூடினாள். மனைவி மூன்று நாளாகக் குளிக்கவில்லை. நீ போய்க் குளித்துவிட்டு வா, நான் இருக்கிறேன் என்று மகளையும் துணைக்குச் சேர்த்து அவர்தான் அனுப்பினார். அவள் போன கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பிஸ்கட் பொட்டலத்தில் மொறுமொறு என்று ஒரு தடவை போதுமா, இரண்டு தடவை போடலாமா என்று கேட்டார்கள். வராந்தாவுக்குப் போய் இருபது நிமிடம் பேசினார். திரும்பி வந்தபோது நர்ஸ் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். மனைவி ஈரத் தலையோடு படியேறி வந்தாள்.

அதைப் பற்றி அவள் ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதும் அவர் செய்தது, அவரைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம்: உட்கார்ந்து எழுதினார். ஏழு தடவை எழுதினார். நான்காவதில் உருக்கம் அதிகம், ஐந்தாவதில் நீளம். ஏழாவதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார். அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உன் துக்கத்தை எடுத்துக் கடைத்தெருவுல வச்சுட்டேன். அதைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியல. எடுத்தவன் நான்தான்னு சொல்ல மட்டும்தான் தெரியுது."

அவள் கையை நிறுத்தி முழுசாகக் கேட்டாள்.

"நல்லா வந்திருக்கு" என்றாள். கீரையை அள்ளிக்கொண்டு அலசப் போனாள்.

மறுநாள் கறுப்புச் சட்டையின் அறைக்குப் போய், பூட்டு விளம்பரத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். கறுப்புச் சட்டை முதலில் அதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

"என்ன வாக்கியம், பிள்ளையைப் பெத்து ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டுப் போறேன்கிற மாதிரி பேசுறீங்க. நானூறு பஸ்ல ஓடுது. பரிசுக்கு வேற போயிருக்கு."

காரணத்தைச் சொல்லாமல் வழியில்லை என்று நினைத்துவிட்டார். அது இரண்டாவது தப்பு. கட்டில், தங்கை, காதோடு சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். வராந்தாவை மட்டும் விட்டுவிட்டார். கறுப்புச் சட்டை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி நீட்டினார்.

"பாருங்க. சிலிர்த்துப்போச்சு. இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மனிதர் மனிதர்தான் என்று வாக்கியத்துக்கு ஒரு நொடி நெஞ்சு இளகியது.

"சனிக்கிழமை கேமரா முன்னாடி முதல் தடவையா சொல்லுங்க. பழசாகிடக் கூடாது. உங்க வீட்டிலேயே எடுத்துடுவோம். வீட்டுக்கார அம்மா பின்னால எங்கேயாவது நின்னாப் போதும், பேச வேண்டாம்."

வீடு போகிற பஸ்ஸில் அவர் தனக்குத்தானே ஒரு வழக்கு நடத்தி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். சொல்வதில் என்ன தப்பு? இத்தனை வருடம் அவள் பேச்சைப் பெயர் போடாமல் எடுத்ததுதானே குற்றம்? பெயரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஊரறிய அவளுடையது என்று சொல்லிவிடலாம். இறங்குவதற்குள் அது நியாயமாகத் தெரிந்தது மட்டுமில்லை, அழகாகவும் தெரிந்தது. அழகாகத் தெரிந்தபோதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சாயங்கால வெயில் கூடம் முழுக்கக் கிடந்தது. அவள் கடையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு, தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து விவரத்தைச் சொன்னார்.

"சொல்லுங்க" என்றாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? அது உன் வரின்னு எல்லாருக்கும் தெரியும்."

"வரி" என்றாள் அவள். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு பேசினாள். பதினாறு நாளில் அவள் அவரிடம் தொடர்ந்து பேசியது அதுதான்.

"நான் அவகிட்ட வரி சொல்லல. அவ பயந்துக்கிட்டு இருந்தா, சொன்னேன். அவளுக்கு மட்டும்தான் சொன்னேன். சொல்லிட்டு எந்திரிச்சுக் குளிக்கப் போயிட்டேன். இங்கதான் இருக்கேன்னு சொன்னவ அங்க இல்ல. அது எனக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கிறது. அதை எதுக்கு அந்தப் பூட்டுக்காரங்க கேட்கணும்? என் பேரைப் போட்டா என்ன ஆகும்? பார்க்கிறவங்க அழுவாங்க. அழுதுட்டு ஆளுக்கு ஒரு பூட்டு வாங்குவாங்க."

இரண்டு வருடமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது எழுதிப் பார்க்காமலே வெளியே வந்தது.

"நானும் அங்க இல்ல. போன் வந்துச்சு. வராந்தாவுக்குப் போயிட்டேன்."

"தெரியும். நர்ஸ் அன்னிக்கே சொல்லிட்டாங்க."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதையும் எழுதிக்காதீங்க" என்றாள்.

பழைய பேச்சேதான். சிரிப்பு மட்டும் அதில் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் வந்துவிட்டார்கள். கேமராவோடு இருவர், ஒலிக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர், கேள்வி கேட்க ஒரு பெண், எல்லாருக்கும் மேலே கறுப்புச் சட்டை. ஐயா எழுதுகிற மேசை எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்று கிடையாது. பஸ்ஸிலும் சாப்பாட்டு மேசையிலும்தான் எழுதுவது. அது படத்துக்கு ஆகாது என்று சாப்பாட்டு மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டார்கள். மேலேயிருந்த உப்பு டப்பா, மகளின் கணக்குப் புத்தகம், மனைவி வரிசையாக அடுக்கிவைத்திருந்த மாத்திரைப் பெட்டி எல்லாம் கட்டிலுக்குப் போயின. பதிலுக்குப் பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்று வந்தது. தடித்தடியாகப் பத்துப் புத்தகங்கள் வந்தன. பகல் பத்து மணிக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றப்பட்டது. ஒலிக்காரர் தலையை உயர்த்தி, மின்விசிறி ரொம்பச் சத்தம் போடுகிறது, நிறுத்துங்கள் என்றார். ஓடுகிறதா இல்லையா என்று எழுந்து பார்க்க வைத்த அதே மின்விசிறிதான். நிறுத்தினார்கள். கூடம் அடுப்பு மாதிரி ஆனது.

மனைவி பின்னால் வந்து நிற்க மறுத்துவிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிச் சமையலறைத் திரையை இழுத்துவிட்டாள். திரை தரைக்கு ஒரு சாண் மேலேயே நிற்கும். வாக்கியம் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் பாதங்கள் தெரிந்தன. கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தன. கேள்வி கேட்கும் பெண் தொண்டையைச் சரிசெய்துகொண்டதும் இரண்டும் ஒரே இடத்தில் நின்றன.

வரிகள் பொதுவாக எங்கிருந்து வரும் என்று அந்தப் பெண் கேட்டாள். பொதுவாக எதையோ சொன்னார். பிறகு அவள் குரலை ஒரு படி இறக்கி, கறுப்புச் சட்டை எழுதிக் கொடுத்த கேள்விக்கு வந்தாள்.

"நீங்க தூங்குங்க. இந்த வார்த்தை உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

வேர்வை புருவத்தில் இறங்கியது. சொல்வதற்கு ஒரு நல்ல வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது என்பதும் உண்மை. அது அவர் எழுதியதிலேயே நல்லதாகக்கூட இருக்கலாம். அவர் பாதங்களைப் பார்த்தார்.

"மழை" என்றார்.

"மழையா?"

"மழைதான். இதோ இந்த ஜன்னல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு துளியும் ஒரு சொல். இயற்கை நம்மகிட்ட எதையோ சொல்ல வருது. நாம கேட்கிறதில்ல. அன்னிக்கு நான் கேட்டேன். பூமியைப் பார்த்து வானம் சொல்லுச்சு, நீ தூங்கு, நான் இருக்கேன்னு. நான் வெறும் கருவி."

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மொட்டைச் சுவர் வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

கறுப்புச் சட்டை கையைத் தூக்கிக் கேமராவை நிறுத்தினார். பக்கத்தில் வந்து குனிந்தார். "வாக்கியம், ஆஸ்பத்திரி. அதைச் சொல்லுங்க."

"அது கதை சார்."

"எது?"

"அந்தக் கட்டில், காதுல சொன்னது எல்லாமே. வரி எனக்குப் பிடிக்காமப் போச்சு. எடுக்கச் சொன்னா காரணம் கேட்பீங்க. ஒண்ணு எழுதிட்டு வந்து சொன்னேன்."

கறுப்புச் சட்டை நிமிர்ந்தார். முகத்தில் முதலில் ஏமாற்றம் வந்தது, பிறகு கோபம், அதன் பின்னாலேயே ஒழுக்கம்.

"செத்தவங்களை வச்சா? எனக்குக் கை சிலிர்த்துச்சேய்யா. இதெல்லாம் ஒரு மனுஷன் செய்யிற வேலையா?"

வாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். கறுப்புச் சட்டை சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற இடமில்லை. விளக்குக்காரரும் ஒலிக்காரரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். கேள்வி கேட்கும் பெண் தாளைப் புரட்டுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மழையே எடுங்க" என்றார் கறுப்புச் சட்டை. "கொஞ்சம் கண்ணை மூடி சொல்லச் சொல்லுங்க."

கண்ணை மூடி மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் வானம் கொஞ்சம் கூடுதலாகப் பேசியது. இரண்டு மணிக்கு எல்லாரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பூட்டின் இரண்டாம் வருட வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று கறுப்புச் சட்டை படியில் இறங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மகள் மின்விசிறியைப் போட்டாள். அது சத்தமாகத்தான் ஓடியது. அணைந்த மெழுகுவத்தியின் வாசனை கூடத்தில் நின்றது. அவர் ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். திரை விலகியது. மனைவி வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"என்னங்க" என்றாள். "அந்தப் பக்கம் தூக்குங்க."

தூக்கினார். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கால் தரையில் இழுபட்டு உறுமியது. அவள் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள், உப்பு டப்பாவை வைத்தாள். பசிக்கிறது என்று மகள் சொன்னாள். முட்டையை வேகவைத்து, காலைச் சோற்றைச் சூடாக்கி மூவரும் சாப்பிட்டார்கள். மகள் வாயில் சோறோடு, "வானம் சொல்லுச்சாம்" என்றாள். மனைவிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவள் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான்கு மணி வரை பேசினாள். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குச் சண்டை போட்டது, அந்தப் பள்ளிக்கூடத்துக் கணினி, கடைசி வாரத்தில் தங்கை கேட்ட ஏதோ ஒன்று. நடுவில் ஓர் இடத்தில் அவள் குரல் இறங்கி, ஒரு சொல் வந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. படம் பிடிப்பதற்காகக் கொடுத்த மொடமொடப்பான சட்டை. குறிப்பேடு பழைய சட்டையோடு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை போனதை அவள் பார்த்தாள். அவர் அந்தக் கையை எடுத்து மேசைமேல், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் தொடர்ந்து பேசினாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு நின்றார். வந்த பஸ்ஸின் பக்கவாட்டில் நீல எழுத்து இருந்தது. அது முழுசாகக் கண்ணில் படுவதற்குள் ஏறிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சனிக்கிழமை அவள் சொன்னதை நினைத்துப் பார்த்தார். போர்வை நினைவிருந்தது, கணினி நினைவிருந்தது, அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டது நினைவிருந்தது. அந்த ஓர் இடத்தில் என்ன சொல் சொன்னாள் என்று மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை. இரண்டு நிறுத்தம் தேடினார். பிறகு விட்டுவிட்டார்.

பஸ் நிறைய ஆட்கள். முன் இருக்கையில் ஒரு பெண் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே எழுதியிருப்பது உள்ளே இருக்கிற யாருக்கும் தெரியவில்லை.